ஸ்டாம்ப் சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு நாங்கள் இருபது முப்பது பேர் கூடுகிறோம். எல்லாருக்கும் தபால்தலைப் பைத்தியம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு மூன்று புது முகங்கள் வருவார்கள், வந்ததும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான், பதில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. சரி, எழுதியே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஸ்டாம்ப், தபால்தலை, அஞ்சல்தலை என்று மாற்றி மாற்றி எழுதுவேன், மூன்றும் ஒன்றுதான்.

கூட்டத்தில் என்னதான் செய்வீர்கள்?

முதல் ஒரு மணி நேரம் மாற்றல். கையில் இரண்டாக இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்குவது. ஆளுக்கொரு ஸ்டாக்புக் (ஒட்டாமல் ஸ்டாம்பைச் செருகி வைக்கும் புத்தகம்), பிஸ்கட் டப்பா, சிலர் கல்யாணப் பத்திரிகை வந்த உறைகளில்கூடப் போட்டுக் கொண்டுவருவார்கள். பெஞ்சு முழுக்கப் பரப்பி வைத்துவிட்டு, ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் உறுப்பினர் ஒருவர் தன் சேகரிப்பில் ஒரு பகுதியைக் கொண்டுவந்து காட்டிப் பேசுவார். ரயில், பறவை, காந்தி, கலங்கரை விளக்கம் என்று அவரவர் பிடித்த பொருள். கடைசியில் சின்ன ஏலம். பத்து ரூபாயில் ஆரம்பிக்கும், ஐந்நூறைத் தாண்டினால் அன்றைக்கு எல்லாரும் நிமிர்ந்து உட்காருவோம்.

இதற்கு நடுவில் சண்டைகளும் உண்டு. பணி ஓய்வு பெற்ற இரண்டு பேர், பார்ப்பதற்கு அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பழைய ஸ்டாம்புகளை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வாதாடுவதை நீங்கள் முதல் கூட்டத்திலேயே பார்க்கலாம். ஓரத்தில் உள்ள பல்லைப் பற்றித்தான் வாதம். இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை என்று எண்ணி 13, 14 என்று சொல்வது வழக்கம், அதற்கென்றே அளவு அட்டை இருக்கிறது. ஒரே படம், ஒரே விலை, துளை எண்ணிக்கை மட்டும் வேறு என்றால் அது தனி ஸ்டாம்ப். வீட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க முயற்சி செய்யாதீர்கள்.

சேர்வதற்குத் தகுதி ஏதாவது?

கிடையாது. எங்களிடம் ஏழாவது படிக்கிற பையனும் இருக்கிறான், எண்பத்திரண்டு வயதுப் பெரியவரும் இருக்கிறார். சந்தா சொற்பம். முதல் இரண்டு கூட்டம் சும்மா வந்து பாருங்கள், பிடித்தால் கொடுங்கள்.

புது ஸ்டாம்ப் வந்தது எப்படித் தெரியும்? எங்கள் தெரு தபால் ஆபீசில் கேட்டால் "அதெல்லாம் இங்க வராதுங்க" என்கிறார்களே?

அவர்கள் பொய் சொல்லவில்லை. ஸ்டாம்பில் இரண்டு வகை உண்டு. அன்றாடத் தபாலுக்காக வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சடிக்கப்படுவது ஒன்று, அதை டெஃபினிட்டிவ் என்போம். தெரு தபால் ஆபீசில் கிழித்துக் கொடுப்பது பெரும்பாலும் அதுதான். இன்னொன்று நினைவு அஞ்சல்தலை. ஒரு ஆளுக்காகவோ நிகழ்ச்சிக்காகவோ ஒரு தடவை அச்சடிப்பார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி அச்சாகாது. இது முதலில் போவது தபால்தலைச் சேகரிப்பு மையங்களுக்கும் தலைமை அஞ்சலகங்களின் தனிக் கவுண்டருக்கும்.

சென்னையில் என்றால் அண்ணா சாலை தலைமை அஞ்சலக வளாகத்தில் உள்ள மையம். ஒரு தடவையாவது நேரில் போங்கள், கட்டடத்துக்காகவே போகலாம். 1913இல் வார்விக் மேஜர் என்பவர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் அது, மெட்ராஸின் ஆரம்பகால நிரந்தர சினிமா கொட்டகைகளில் ஒன்று. பேசாப் படம் ஓடிய அந்தக் கொட்டகை இரண்டே வருஷத்தில் மூடப்பட்டுத் தபால் துறையின் கைக்கு வந்தது. மவுண்ட் ரோடு ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைந்த இடத்தில் இன்றைக்கு நாம் ஸ்டாம்ப் வாங்குகிறோம்.

நேரில் போக முடியாதவர்கள் பி.டி.ஏ. என்று நாங்கள் சொல்லும் சேகரிப்பாளர் வைப்புக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள். குறைந்தது 200 ரூபாய் கட்டி, ஒவ்வொரு வெளியீட்டிலும் எனக்கு இத்தனை ஸ்டாம்ப், இத்தனை முதல் நாள் உறை, ஒரு தகவல் தாள் என்று எழுதிக் கொடுத்தால் போதும். வர வர வீட்டுக்கு அனுப்புவார்கள், கணக்கில் கழித்துக்கொள்வார்கள். அந்தத் தகவல் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். எத்தனை அச்சடித்தார்கள், எந்த முறையில், நாசிக் அச்சகமா ஹைதராபாத் அச்சகமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும், பத்து வருஷம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

அண்மையில் வந்ததில் எதை வாங்கலாம்?

ஆளுக்கு ஆள் மாறும். 2024 அக்டோபரில் உலக அஞ்சல் ஒன்றியத்தின் 150 ஆண்டு நிறைவுக்கு வந்ததை நான் இரண்டு தொகுப்பு வாங்கினேன், தபாலைப் பற்றியே வரும் ஸ்டாம்ப் என்றால் எனக்குக் கை நிற்காது. 2025 நவம்பர் 7 அன்று வந்தே மாதரம் பாடலின் 150 ஆண்டுக்கு ஸ்டாம்பும் நாணயமும் சேர்ந்து வந்தன. இந்த மாதிரிச் சமயத்தில் நாணயக்காரர்களும் நம் வரிசையில் வந்து நிற்பார்கள், அதனால் கொஞ்சம் சீக்கிரம் போக வேண்டும். 2025 டிசம்பரில் பழைய தமிழ் மன்னர் பெரும்பிடுகு முத்தரையருக்கு வந்தது தமிழ்நாட்டுப் பொருளில் சேர்ப்பவர்களுக்கு முக்கியமான ஒன்று.

வருகிற எல்லாவற்றையும் வாங்க ஆரம்பித்தால் ஒரு வருஷத்தில் சலித்துவிடும். ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதில் வருவதை மட்டும் வாங்குங்கள். வாங்கும்போது ஒன்று ஆல்பத்துக்கு, ஒன்று கடிதத்தில் ஒட்டி அனுப்ப. இது என் பிடிவாதம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் உறைக்கும் சிறப்பு உறைக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே.

முதல் நாள் உறை புது ஸ்டாம்போடு சேர்ந்தே பிறப்பது. அந்த ஸ்டாம்ப் வெளியாகும் தேதியில், அதற்கென்று செய்த முத்திரை குத்தியிருக்கும். சிறப்பு உறையில் புது ஸ்டாம்ப் இருக்காது. ஏதோ ஒரு விழா, பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு, ஊர்க் கண்காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ஸ்டாம்பை ஒட்டி, அந்த ஒரு நாளுக்கு மட்டும் தனி முத்திரை போட்டுக் கொடுப்பார்கள். விழா நடத்துகிறவர்களே துறையிடம் அனுமதி கேட்டுக் கட்டணம் கட்டி வெளியிடலாம். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற பொருட்களுக்காக நாடு முழுக்கச் சிறப்பு உறைகள் வந்தன, தமிழ்நாட்டுப் பொருட்களும் அதில் உண்டு, இன்னும் தேடி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, செலவே இல்லாதது, யாரும் கவனிப்பதில்லை. சில சுற்றுலா ஊர்த் தபால் ஆபீஸ்களில் நிரந்தரப் பட முத்திரை வைத்திருப்பார்கள். மாமல்லபுரம், கன்னியாகுமரி மாதிரி. ஒரு அட்டையில் ஸ்டாம்ப் ஒட்டி நீட்டி "பட முத்திரை போட்டுக் கொடுங்க சார்" என்று கேட்டால் போட்டுத் தருவார்கள். டூர் போகும்போது குழந்தைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், பெரியவர்கள் கேட்பதைவிட நல்ல முத்திரை விழும்.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு ஸ்டாம்ப் வெளியிட வைக்க முடியுமா?

கேட்கலாம். யார் வேண்டுமானாலும் துறைக்கு விண்ணப்பம் எழுதலாம், அதற்கென்று ஆலோசனைக் குழு இருக்கிறது. நூற்றாண்டு மாதிரி ஏதாவது ஆண்டு நிறைவு இருந்தால் வாய்ப்பு அதிகம், ஆனால் ஆறு மாதம் இருக்கும்போது எழுதி ஒன்றும் ஆகாது, ரொம்ப முன்னாலேயே தொடங்க வேண்டும்.

உயிரோடு இருப்பவருக்கு வெளியிடுவதில்லை என்பது பொது வழக்கம். இதைச் சொன்னால் உடனே யாராவது டெண்டுல்கர் என்பார்கள். ஆமாம், 2013இல் அவருக்கு வந்தது. அதற்கு முன்னும் விதிவிலக்குகள் இருந்தன. பெண் கல்விக்குப் பாடுபட்ட டி.கே. கார்வேக்கு 1958இலும் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவுக்கு 1960இலும் வந்தன, இரண்டு பேரும் நூறு வயதைத் தொட்டுவிட்டு தங்கள் ஸ்டாம்பைத் தாங்களே பார்த்தவர்கள். திருத்தணிக்காரரான ராதாகிருஷ்ணனுக்கு 1967இல் வந்தபோது அவர் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து இறங்கியிருந்த சமயம்.

உங்களுக்கே வேண்டுமென்றால் மை ஸ்டாம்ப் இருக்கிறது. படத்தைக் கொடுத்து 300 ரூபாய் கட்டினால் 12 ஸ்டாம்ப் கொண்ட தாள் கிடைக்கும், துறையின் ஸ்டாம்புக்குப் பக்கத்தில் உங்கள் முகம். செல்லுபடியாகும், தபாலில் போகும். பேரனின் பிறந்த நாளுக்குக் கொடுக்க நன்றாக இருக்கும். சேகரிப்பில் அதற்குப் பெரிய இடம் இல்லை என்று சொன்னால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், என்ன செய்ய.

வாசனை வருகிற ஸ்டாம்ப் உண்மையா?

உண்மைதான். 2006இல் சந்தனம், அடுத்த வருஷம் ரோஜா, 2008இல் மல்லிகை, 2017இல் பெங்களூரில் காபி. காபி ஸ்டாம்ப் 100 ரூபாய். வந்த புதிதில் எங்கள் கூட்ட அறையே கும்பகோணம் டிகிரி காபிக் கடை மாதிரி மணத்தது. சந்தன ஸ்டாம்பில் இன்றும் லேசாக மணம் வருகிறது என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் சத்தியம் செய்கிறார். எனக்கு வரவில்லை. 2011இல் காந்தி படம் போட்டு கதர்த் துணியிலேயே ஒரு ஸ்டாம்ப் வந்தது, அதில் போட்ட விலை 100 ரூபாய், அது வேடிக்கைக்காகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. பொருளும் ஆளும் அவ்வளவு பொருந்தியது வேறு எதிலும் இல்லை. இந்த விளையாட்டில் உலகத்துக்கே அண்ணன் பூட்டான். 1972இல் கிராமபோனில் வைத்தால் பாடுகிற இசைத்தட்டையே ஸ்டாம்பாக வெளியிட்டார்கள்.

உறையில் ஒட்டியிருக்கும் ஸ்டாம்பை எப்படி எடுப்பது? நான் ஆவி காட்டி உரித்தால் கிழிந்துவிடுகிறது.

ஆவியும் வேண்டாம், உரிக்கவும் வேண்டாம். முதலில் அதை எடுக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். முத்திரை தெளிவாக இருந்தாலோ, உறை பழையதாக இருந்தாலோ, முகவரியில் சுவாரசியம் இருந்தாலோ அப்படியே முழு உறையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் உறையைத் தண்ணீரில் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டேன், அவர் இன்றும் எங்கள் பொருளாளர்.

சாதாரண உறை என்றால் ஸ்டாம்பைச் சுற்றி விரல் அகலம் காகிதம் விட்டு வெட்டுங்கள். தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், படம் மேலே பார்க்கிற மாதிரி மிதக்கவிடுங்கள். சிவப்பு, பச்சை உறையில் இருந்து வெட்டியவற்றைத் தனித் தட்டில் போடுங்கள், வாழ்த்து அட்டை உறையின் சாயம் இறங்கினால் தட்டிலுள்ள எல்லாமே ரோஸ் கலர் ஆகிவிடும். கால் மணி, இருபது நிமிஷம் பொறுமையாக இருக்க வேண்டும். கோந்து இளகினால் காகிதம் தானே நழுவும், தொட்டால் வழுக்கிக்கொண்டு வரும். வரவில்லையா, இன்னும் ஐந்து நிமிஷம். எடுத்ததும் பின்புறத்தை நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசுங்கள், வழவழப்பு மிச்சம் இருந்தால் காயும்போது அடியில் உள்ள தாளோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் தாளில் முகம் கீழே கவிழ்த்துக் காயவிடுங்கள். அப்பளம் மாதிரிச் சுருளும், பயப்பட வேண்டாம், நன்றாகக் காய்ந்தபின் ஒரு கனமான அகராதிக்குள் இரண்டு நாள் வைத்தால் நேராகிவிடும். ஈரத்தில் விரலால் பிடிக்காதீர்கள், ஓரப் பல் ஒன்று போனாலும் போச்சு. முனை தட்டையான சாமணம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கியதை எப்படிப் பாதுகாப்பது? சென்னை ஈரக் காற்றில் எல்லாம் ஒட்டிக்கொள்கிறது.

என் முதல் ஆல்பம் நாற்பது பக்க ரூல் போட்ட நோட்டு. சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி வரிசையாக ஒட்டினேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் ராமபாணப் பூச்சி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போய்வந்துவிட்டது. சோறு ஊட்டி வளர்த்தவன் நான், பூச்சியைக் குறை சொல்லி என்ன பயன்.

ஆகவே பசை, செல்லோ டேப், லேமினேஷன் மூன்றும் கூடவே கூடாது. லேமினேட் செய்த ஸ்டாம்பைத் திரும்ப எடுக்க வழியே இல்லை, அது செத்த மாதிரி. ஸ்டாக்புக் வாங்குங்கள். மலிவான பிளாஸ்டிக் கவர் போட்ட போட்டோ ஆல்பம் நாளடைவில் எண்ணெய் விட்ட மாதிரி ஆகி ஸ்டாம்பின் மையை இழுத்துவிடும். ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள், சுவரை ஒட்டி வேண்டாம், கூடவே சிலிகா ஜெல் பை ஒன்று, புது ஷூ டப்பாவில் வருமே அதுதான். மாதம் ஒரு தடவை வெயில் காலை ஒன்றில் திறந்து விசிறிக் காற்றில் புரட்டுங்கள். நேர் வெயிலில் வேண்டாம், நிறம் போய்விடும். தபால்தலையை மழைக்காலத்தில் தொடாமலே இருப்பது இன்னும் நல்லது, பின்பக்கக் கோந்து விரல் ஈரத்துக்கே இளகும்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய கடிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஸ்டாம்பை மட்டும் வெட்டிக்கொண்டு வரட்டுமா?

ஐயோ, வெட்டாதீர்கள். இந்தக் கேள்வியைப் படிப்பவர்களில் ஒருவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தால் போதும், நான் இவ்வளவு எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும்.

ஸ்டாம்பில் இருப்பதைவிட உறையில் இருப்பது அதிகம். எங்கே போட்டார்கள், என்றைக்கு, எந்த வழியாக வந்தது, போர்க்காலத்தில் யார் பிரித்துப் படித்து ஒட்டினார்கள், எல்லாம் அதில் பதிந்திருக்கும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்க முகவரிகளுக்கு பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த உறைகளை உலகத்தில் எங்கெங்கோ உள்ளவர்கள் செட்டியார் உறைகள் என்றே தனிப் பெயர் சொல்லித் தேடுகிறார்கள். வட்டிக் கணக்கு எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்த வீட்டில் பரணில் கிடந்து, இன்றைக்கு ஒரு வெளிநாட்டு ஏலத்தில் நிற்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1971, 72 வாக்கில் உங்கள் வீட்டுக்கு வந்த கடிதத்தை எடுத்துப் பாருங்கள். வழக்கமான ஸ்டாம்போடு கூடவே குட்டியாக ஒரு 5 பைசா ஸ்டாம்ப், பெரும்பாலும் சிவப்பில் குடும்பக் கட்டுப்பாட்டுப் படம், அதன்மேல் அகதிகள் நிவாரணம் என்று ஆங்கிலத்திலோ இந்தியிலோ கறுப்பு எழுத்து அடித்திருக்கும். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளுக்காக 1971 நவம்பர் 15 முதல் கடிதத்துக்கு 5 பைசா கூடுதலாக வசூலித்தார்கள், 1973 மார்ச் வரை. அவசரத்தில் அச்சான ஸ்டாம்ப் போய்ச் சேராத ஊர்களில் அங்கங்கே ரப்பர் ஸ்டாம்ப் குத்திச் சமாளித்திருக்கிறார்கள், அந்த உள்ளூர் முத்திரைகளைத் தேடுவதே ஒரு தனி வேட்டை. போன வருஷம் கூட்டத்துக்கு வந்த ஒரு அம்மா, தன் மாமியாருக்கு அவர் அண்ணன் எழுதிய கடிதக் கட்டை எடுத்து வந்தார். நாங்கள் எல்லாரும் 5 பைசாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அந்த அம்மா கடிதத்தைப் படித்து அழுதுகொண்டிருந்தார். கட்டை யாருக்கும் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தமிழ்நாடு தொடர்பாகச் சேர்க்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

எளிதான வழி, ஆட்கள். 1960இல் திருவள்ளுவருக்கும் பாரதிக்கும் ஒரே வருஷத்தில் வந்தது, இரண்டும் 15 நயா பைசா. 1962இல் கணிதமேதை ராமானுஜன், 1972இல் வ.உ.சி., 1976இல் காமராஜர், 1978இல் பெரியார் என்று போகும். 1968இல் சென்னையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டுக்கு ஒன்று, 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டுக்கு ஒன்று, அதே வருஷம் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டுக்கு ஒன்று. பழையதில்கூட இவற்றில் பல நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும்.

எனக்குப் பிடித்தது வேறு. புதுச்சேரி, காரைக்காலுக்கென்று பிரெஞ்சுக்காரர்கள் வெளியிட்ட ஸ்டாம்புகளில் விலை பிரெஞ்சு நாணயத்தில் இருந்தது, 1923 முதல் அது ஃபனோன், காஷ் என்று மாறியது. என்ன அது என்கிறீர்களா? நம் பணமும் காசும்தான். 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். பாரீஸ் அச்சில் நம் பணம் காசு ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். தெற்கே போனால் திருவிதாங்கூர். சங்கு முத்திரை போட்ட அவர்களுடைய ஸ்டாம்ப் 1888இல் தொடங்கியது, நாகர்கோவில் பக்கத்துப் பழைய கடிதங்களில் பார்க்கலாம். அந்த சமஸ்தானத்துத் தபாலுக்குப் பெயரே அஞ்சல்தான், நாம் இன்று போர்டில் எழுதியிருக்கும் அதே சொல். 1951இல்தான் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது. அப்புறம் இலங்கை ஸ்டாம்புகள், நாட்டின் பெயரையே தமிழிலும் அச்சிட்டு வருபவை. இந்திய ஸ்டாம்பில் அது கிடைக்காது.

இதில் பணம் பார்க்கலாமா?

முடியாது என்று சொல்லிவிடுகிறேன், கோடியில் ஒன்று விலக்கு. 1948 ஆகஸ்ட் 15இல் காந்திக்கு வந்த நான்கு ஸ்டாம்பில் 10 ரூபாய் ஸ்டாம்ப்தான் பெரியது, சுவிட்சர்லாந்தில் அச்சானது. அதிலேயே அரசாங்க உபயோகத்துக்காக சர்வீஸ் என்று மேலே அச்சடித்தவை வெறும் நூறு. அவற்றில் நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017இல் 5 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. செய்தித்தாளில் இதைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் ஆல்பத்தோடு வருகிறார்கள். சாதாரண 10 ரூபாய் காந்தியிலேயே போலி ஏராளம், இணையத்தில் மலிவாகக் கண்டால் வாங்காதீர்கள், வாங்குவதற்கு முன் கூட்டத்தில் யாரிடமாவது காட்டுங்கள்.

எழுபது, எண்பதுகளுக்குப் பிறகு வந்தவை லட்சக்கணக்கில் அச்சானவை, மொத்தமாக விற்றால் போட்ட விலை வந்தாலே பெரிது. சின்ன வயதில் பாக்கெட்டில் வாங்கிய அஜ்மான், ஃபுஜைரா என்ற வளைகுடாப் பகுதி ஸ்டாம்புகள் பற்றியும் கேட்பார்கள். பளபளவென்று ராக்கெட்டும் புலியும் இருக்கும், கோந்து கலையாமலே முத்திரை குத்தியிருக்கும். சேகரிப்பவர்களுக்கு விற்பதற்கென்றே அடித்தவை, தபாலையே பார்த்ததில்லை. குழந்தைகளுக்குக் கொடுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டாமே?

உண்டு. தீன் தயாள் ஸ்பர்ஷ் திட்டம், 2017இல் வந்தது. ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிப்பவர்களுக்கு. பள்ளியில் ஸ்டாம்ப் கிளப் இருந்து அதில் உறுப்பினராக இருக்க வேண்டும், கிளப் இல்லையென்றால் மேலே சொன்ன பி.டி.ஏ. கணக்கு பிள்ளை பெயரில் இருந்தால் போதும். கடைசித் தேர்வில் 60 சதவீத மதிப்பெண், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 5 சதவீதத் தளர்வு. எழுத்துத் தேர்வு, அப்புறம் ஒரு புராஜெக்ட். தேறினால் வருஷத்துக்கு 6,000 ரூபாய், நாடு முழுக்க 920 பேருக்கு. புராஜெக்டை அப்பா அம்மா செய்துகொடுத்தது எது, பிள்ளை செய்தது எது என்று பார்த்தவுடன் தெரியும். பிள்ளை செய்ததில் ஸ்டாம்ப் கொஞ்சம் கோணலாக இருக்கும், எழுதியிருப்பது சுவாரசியமாக இருக்கும்.

கண்காட்சியில் வைக்க எவ்வளவு சேர்த்திருக்க வேண்டும்?

எண்ணிக்கையைவிடக் கதை முக்கியம். ஒரு ஃப்ரேமில் ஏ4 அளவுத் தாள் 16 வரும், அந்த 16க்குள் ஆரம்பம், நடு, முடிவு இருக்க வேண்டும். மாவட்ட அளவில் ஒரு ஃப்ரேமில் தொடங்குங்கள், அப்புறம் மாநில அளவில் தனாபெக்ஸ் என்ற கண்காட்சி, அதற்கும் மேலே தேசிய அளவு. நடுவர் முதலில் தாளை அல்ல, தலைப்பையும் திட்டப் பக்கத்தையும் பார்ப்பார். வெண்கலம், வெள்ளி, வெர்மெய்ல் (தங்க முலாம் பூசிய வெள்ளி), தங்கம் என்று மதிப்பெண்ணைப் பொறுத்துப் பதக்கம், ஒலிம்பிக் மாதிரி மூன்று பேருக்கு மட்டும் கிடையாது.

இப்போது கடிதமே யாரும் போடுவதில்லையே, இனி எதைச் சேர்ப்பது?

இதனால்தான் இரண்டு வாங்கி ஒன்றை ஒட்டி அனுப்புங்கள் என்றேன். 20 கிராம் வரை சாதாரணக் கடிதத்துக்கு 5 ரூபாய்தான். அச்சானவை லட்சக்கணக்கில் ஆல்பங்களில் புதுசாக இருக்கும், ஆனால் அந்த ஸ்டாம்ப் வந்த வாரத்தில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு உண்மையாகவே போன உறை எத்தனை இருக்கும்? நாளைக்குத் தேடப்போவது அதைத்தான். 2025 செப்டம்பர் 1இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு இணைத்தபோது, அதற்கு முந்தைய சில நாட்கள் எங்கள் ஆட்கள் தங்களுக்குத் தாங்களே பதிவுத் தபால் அனுப்பிக்கொண்டு திரிந்தார்கள். கவுண்டரில் இருந்தவர் "உங்களுக்கே எதுக்குங்க அனுப்புறீங்க?" என்று கேட்டாராம்.

எல்லாம் நல்லபடியாக வரும் என்று நினைக்காதீர்கள். நான்கு ஸ்டாம்ப் அழகாக ஒட்டி எனக்கு நானே போட்ட உறை ஒன்று, ஏதோ ஒரு தபால் ஆபீசில் முத்திரைக்குப் பதிலாக நீலப் பால்பாயிண்ட் பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கிழிக்கப்பட்டு வந்து சேர்ந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது கவுண்டரில் நின்று "முத்திரை கொஞ்சம் தெளிவா போடுங்க, சேகரிக்கிறேன்" என்று சொல்லிக் கையாலேயே கொடுக்கிறேன், பத்தில் எட்டுப் பேர் சிரித்துக்கொண்டே மை தொட்டு அழுத்திப் போட்டுத் தருகிறார்கள்.

முதல் கூட்டத்துக்கு என்ன எடுத்து வர வேண்டும்?

இருப்பதைக் கொண்டுவாருங்கள், ஒன்றும் இல்லையென்றால் சும்மா வாருங்கள். பெரிய ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், பெஞ்சில் இடம் இருக்காது. மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் மறக்காமல் போட்டு வாருங்கள், போன கூட்டத்தில் ஒருவர் மறந்துவிட்டு வந்து என் பூதக்கண்ணாடியைக் கடைசிவரை திருப்பித் தரவில்லை. அவர் இதைப் படித்தால், அடுத்த ஞாயிறு எடுத்து வரவும்.